பழைய பவர் டூல் கியருக்கு எந்த கிரீஸ்? கடையில் கிடைக்கும் ஆறு வகைகள், நிறை குறைகளோடு

வருடக்கணக்கில் ஓடிய ஆங்கிள் கிரைண்டரின் கியர் ஹெட்டில் இருக்கும் நாலு ஸ்குருவையும் கழற்றித் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். சுவரோரம் ஷூ பாலிஷ் மாதிரி இறுகிப்போன பழுப்பு கிரீஸ் இருக்கும். கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுற்றிய வட்டம் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். நடுவே பற்கள் மட்டும் துடைத்துவிட்டது போல வெறும் இரும்பாக மினுங்கும். கிரீஸ் தீர்ந்துபோகவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் சோப்புப் பஞ்சு. சூட்டில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விட, மிஞ்சுவது பஞ்சு மட்டும். அதன் மேலேயே புது கிரீஸை அப்பி மூடினால், புதிதில் இருக்கும் எண்ணெயையும் அந்தக் காய்ந்த பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும்.

100 மி.மீ. கிரைண்டரின் ஸ்பிண்டில், அதாவது டிஸ்க் மாட்டும் தண்டு, நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது என்றால், அதை ஓட்டும் ஆர்மேச்சர் பினியன் (மோட்டாரின் சுழலும் பகுதியின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) 30,000 சுற்றைத் தாண்டும். அந்த வேகத்தில் எந்த கிரீஸும் பல்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்காது, வீசி எறியப்படும். எறியப்பட்டது சுவரில் பட்டு, வழிந்து, மறுபடி பல்லுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு டப்பாவையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம். விலையும் நிறமும் ‘ஹெவி டியூட்டி’ என்ற பெயரும் இதற்குப் பதில் சொல்லாது.

பதில் சொல்வது டப்பாவில் சின்ன எழுத்தில் இருக்கும், கெட்டித்தன்மையைக் குறிக்கும் என்.எல்.ஜி.ஐ. எண். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பைக் கிரீஸுக்குள் விழவிட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக் கொடுக்கும் எண் அது. எண் 2 என்றால் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கும், 1 என்றால் 31 முதல் 34, 0 என்றால் 35.5 முதல் 38.5, 00 என்றால் 40 முதல் 43. கையில் எடுத்தால் 2 பற்பசையைவிடச் சற்றுக் கெட்டியாக நிற்கும், 00 கெட்டியான பெயிண்ட் போல வழியும். ஒட்டிய தாளில் எண் இல்லாத டப்பா என்றால், ஒரு மூடியில் அரை அங்குல உயரத்துக்கு கிரீஸை நிரப்பி நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துச் சாய்த்து வையுங்கள். கால் மணி நேரத்தில் கோடு மூடிக்கொள்வது கான்கிரீட்டை அடித்துத் துளைக்கும் ரோட்டரி ஹாமருக்கு. கோடு அப்படியே நின்றாலும், கையால் லேசாகக் குழைத்ததும் இளகிக்கொடுப்பது கிரைண்டருக்கு. குழைத்த பிறகும் முரண்டு பிடிப்பதை இரண்டுக்கும் வாங்க வேண்டாம்.

சாதாரண லித்தியம் மல்டி பர்ப்பஸ்

எல்லாக் கடையிலும் கிடைக்கும், வண்டிச் சக்கர பேரிங்குக்குப் போடுகிற மஞ்சள் அல்லது பழுப்பு கிரீஸ். எண் 2 ஆகவோ 3 ஆகவோ இருக்கும். உருகி விழும் சூடு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி. அதனால் வெப்பத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, கிரைண்டர் ஹெட் அந்தச் சூட்டுக்குப் போகாது. குறை கெட்டித்தன்மையில்தான் இருக்கிறது. எண் 3 என்றால் ஒதுக்கிவிடுங்கள். முதல் நிமிடத்திலேயே சுவரில் போய் அப்பிக்கொண்டு, பினியன் சுற்றுவதற்கு ஒரு பள்ளத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு வேடிக்கை பார்க்கும். எண் 2 என்றால் சாதாரண டிரில், எப்போதாவது எடுக்கும் கிரைண்டர், ஜிக்சா இவற்றுக்குப் போதுமானது. தினமும் ஓடும் கருவிக்குப் போட்டால் சீக்கிரமே மறுபடி திறக்க வேண்டிவரும்.

லித்தியம் காம்ப்ளெக்ஸ் ஈ.பி.

கிரைண்டருக்கும் மரம் அறுக்கும் வட்ட ரம்பத்துக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். உருகும் சூடு 260 டிகிரிக்குப் பக்கம் போகும். ஆனால் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதுவல்ல. குழைத்துக் குழைத்து அடிபட்டாலும் இதன் சோப்புக் கட்டமைப்பு குலையாமல் தாங்குகிறது, எண்ணெயையும் சீராக விடுகிறது. எண் 2 பரவாயில்லை, 1 கிடைத்தால் இன்னும் நல்லது. சிவப்பு, நீலம் என்று வருவதெல்லாம் சாயம்தான், அதில் ஒன்றும் இல்லை.

ஈ.பி. என்பது பல்லும் பல்லும் அழுந்தும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் இரும்பைக் காப்பாற்றும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். ஒரு எச்சரிக்கை உண்டு. சூடேறும் இடத்தில் கந்தகம் பித்தளையையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடும். திருகு போன்ற தண்டு வெண்கலப் பல்சக்கரத்தைச் சுற்றும் வார்ம் கியர் கருவிகளுக்கு ‘மஞ்சள் உலோகத்துக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டிருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். வார்ம் கியர் வட்ட ரம்பங்கள் பலவற்றில் கிரீஸே கிடையாது, எண்ணெய்தான். பக்கவாட்டில் நிரப்பும் பிளக் இருந்தால் அதற்குள் கிரீஸைத் திணிக்காதீர்கள்.

மோலி கிரீஸ்

கறுப்பாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம் மாலிப்டினம் டைசல்பைடு தூள். அடியும் உரசலும் சேர்ந்து விழும் இடத்தில் இதற்கு ஈடில்லை. ஹாமரின் கிராங்க், ஜிக்சாவின் மேலும் கீழும் ஓடும் தண்டு, ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தின் தள்ளுகோல் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். கிரைண்டர் கியருக்கும் போடலாம், தப்பில்லை. ஆனால் பெரிய லாபமும் இல்லை, ஏனென்றால் அங்கே சிக்கல் அடியில் அல்ல, வேகத்தில் இருக்கிறது. இதிலும் எண்ணைப் பார்க்க மறக்காதீர்கள். ‘மோலி இருக்கிறது’ என்பதற்காக எண் 2 கிரீஸை ஹாமருக்குள் அடைத்து, பிறகு அடி விழவில்லை என்று பழுதுக்கு வரும் மெஷின்கள் நிறைய.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது கிராஃபைட் கிரீஸ். அதுவும் கறுப்புதான். ஆனால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷுக்கும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் கியர் பாக்ஸில் அதை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

செமி ஃப்ளூயிட், எண் 0 அல்லது 00

ரோட்டரி ஹாமர் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஹாமரில் பிஸ்டன் நேராக உளியை அடிப்பதில்லை. பிஸ்டனுக்கும், அடியைக் கொடுக்கும் இரும்புத் துண்டான ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே அடைபட்ட காற்று அழுந்தி, அந்தக் காற்றுதான் ஸ்ட்ரைக்கரைத் தூக்கி எறிகிறது. ஸ்ட்ரைக்கரைச் சுற்றிய ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. சிலிண்டரில் காற்று போய்வரச் சின்னத் துளைகள் உண்டு. கிரீஸ் கெட்டியாக இருந்தால் ஓ-ரிங் வரை போய்ச்சேராது. அதிகமாக இருந்தால் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும், துளையையும் அடைக்கும். இரண்டு வழியிலும் அடி குறையும்.

அதனால் ஹாமர் தயாரிப்பாளர்கள் சிறு பாக்கெட்டில் தரும் கிரீஸ்தான் இங்கே சரியான பொருள். பார்க்க விலை கூடியதாகத் தோன்றும். 30 கிராம் பாக்கெட் ஏன் 30 கிராம் என்றால், பெரிய ஹாமர்களின் கையேடுகள் பலவற்றில் கிராங்க் அறைக்குச் சொல்லியிருக்கும் அளவே அதுதான். சிறிய மாடல்களுக்கு அளவு வேறாக இருக்கும், பாகப் படத்தில் ‘கிராம்’ என்று குறித்திருப்பதை நம்புங்கள். அதற்கு மேல் போட்டால் அடி கெடும், மெஷினே பழுதாகும் என்று கையேடே எச்சரிக்கிறது. மாற்றாக எண் 0 லித்தியம் ஈ.பி. கிரீஸ் நன்றாகவே வேலை செய்யும். 00 என்றால் ஆயில் சீல் புதிதாக இருக்க வேண்டும். தேய்ந்த சீல் அதைப் பிடித்து நிறுத்தாது, முன்பக்கம் வழியாகக் கையில் வழியும்.

உளி செருகும் எஸ்.டி.எஸ். முனைக்குப் பூசும் கிரீஸ் வேறு, கியர் கிரீஸ் வேறு. முனை கிரீஸின் வேலை தூசியைத் தள்ளி நிறுத்துவது. ஒவ்வொரு முறை உளி மாட்டும்போதும் தண்டில் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

பிளாஸ்டிக் கியருக்கான செயற்கை கிரீஸ்

பேட்டரி டிரில்லின் பிளானட்டரி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும்) கியர் பாக்ஸில் சில சக்கரங்களோ வெளி வளையமோ நைலானாகவோ அசெட்டாலாகவோ இருக்கும். வெள்ளையாக, டெஃப்லான் தூள் கலந்து, பி.ஏ.ஓ. என்ற செயற்கை எண்ணெயில் செய்த எண் 1 கிரீஸ் இதற்குப் பொருத்தம். பல்லுக்குப் பல் மெல்லியதாகத் தடவினால் போதும். அதிகம் வைத்தால் கிளட்ச்சின் குண்டுகளுக்குப் போய், முறுக்கு எண் ஏற்றினாலும் சீக்கிரமே வழுக்கும். இரும்புச் சக்கரம் மட்டும் உள்ள கியர் பாக்ஸ் என்றால் இந்தச் செலவு வேண்டாம், லித்தியம் காம்ப்ளெக்ஸ் போதும்.

சிலிக்கான் கிரீஸ்

வாங்காதீர்கள். ரப்பருக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் இரும்பும் இரும்பும் அழுந்தும் பல்லில் அதன் படலம் நிற்காது. அதைவிட மோசம், சிலிக்கான் ஆவி கம்யூட்டேட்டரின் தீப்பொறியில் எரிந்து மணல் போன்ற சிலிக்காவாக மாறி கார்பன் பிரஷைத் தின்னும். தூசி புகாமல் மூடியிருக்கும் ஸ்விட்ச் ரப்பருக்கு ஒரு துளி என்றாலும் கூட, மோட்டார் உள்ள கருவியில் தவிர்ப்பதே நல்லது.

கழுவாமல் போட்டால் எந்த கிரீஸும் வீண்

புது கிரீஸ் பழையதோடு ஒத்துப்போகுமா என்ற கேள்வி எப்போதும் வரும். லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் ஒத்துப்போகும். லித்தியத்தோடு களிமண் அடிப்படையிலான பென்டோன் கிரீஸோ பெரும்பாலான பாலியூரியாவோ சேர்ந்தால் கலவை தண்ணீராக இளகிவிடலாம், அல்லது கட்டியாகலாம். பழைய கருவிக்குள் இருப்பது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முழுவதும் எடுத்துவிடுவதுதான் வழி.

முதலில் மின் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு இரண்டு கார்பன் பிரஷையும் வெளியே எடுங்கள். பிரஷ் உள்ளே இருக்கும்போது ஆர்மேச்சரை இழுத்தால் பிரஷின் முனை உடையும். கியர் ஹெட்டைப் பிரிக்கும்போது சுவரோடு ஒட்டி வரும் மெல்லிய ஷிம் வளையங்களை எண்ணி, எந்தப் பக்கத்தில் எத்தனை என்று எழுதிவையுங்கள். அவைதான் பினியனும் கிரௌன் வீலும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ஒன்று தொலைந்தால் எவ்வளவு நல்ல கிரீஸ் போட்டாலும் கத்தும்.

பழையதை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டி எடுங்கள். ஸ்குரு டிரைவர் வேண்டாம், அலுமினிய ஹெட்டில் சீல் உட்காரும் இடம் கீறிவிடும். சுரண்டியதைத் தூக்கி எறியுமுன் ஒரு வெள்ளைத் தாளில் மெல்லியதாகத் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக இருப்பது வெறும் முதுமை. வெள்ளியாக மினுங்கி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் கூடவே நகர்வது இரும்புத் தூள், அப்படியென்றால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. மினுங்கியும் காந்தத்துக்கு அசையாதது அலுமினியம், பேரிங் தன் குழியில் சுற்ற ஆரம்பித்திருக்கலாம். மஞ்சளாக மினுங்கினால் வெண்கலப் புஷ். பால்போல வெளிறிய கிரீஸ் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கருவியின் உடம்பு நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்வது வேறில்லை.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் தீ ஆபத்து. தின்னரும் பிரேக் கிளீனரும் பிளாஸ்டிக் பாகங்களை இளக்கும், சில வகை பிளாஸ்டிக்கில் நாலு நாள் கழித்துத்தான் விரிசல் தெரியும். பல் துலக்கும் பழைய பிரஷால் ஒவ்வொரு பல்லின் அடிவாரத்தையும் தேயுங்கள், அங்கேதான் காய்ந்த சோப்பு ஒளிந்திருக்கும். ஆர்மேச்சரை ஒருபோதும் முக்காதீர்கள். பினியன் கீழே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து, பினியனை மட்டும் நனைத்த பிரஷால் கழுவுங்கள். அதற்கு மேலே இருக்கும் பேரிங்குக்குள் மண்ணெண்ணெய் புகுந்தால் அதன் உள் கிரீஸ் கரைந்து போகும். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷையும் நனைக்கக் கூடாது. அதன் துளைகளில் இருக்கும் எண்ணெய் வெளியேறிவிடும். அதைத் துணியால் துடைத்து, ஐ.எஸ்.ஓ. 68 எண்ணெய் நாலு துளி விட்டால் போதும். ஓ-ரிங்குகளைக் கழற்றித் தனியே துடைத்து வையுங்கள். மண்ணெண்ணெயில் ஊறினால் சில வகை ரப்பர் உப்பிவிடும்.

கழுவிய பாகங்கள் நன்றாகக் காய வேண்டும். இதில் அவசரப்படுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பல்லிடுக்கில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் புது கிரீஸை இளக்கி, முதல் சூட்டிலேயே சீல் வழியாக வெளியே கொண்டுவரும். பஞ்சு விடாத துணியால் துடைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

பேரிங்கை விரலில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மணல் கடிப்பது போல் இருந்தால் மாற்றுங்கள், கிரீஸால் அது குணமாகாது. மாற்றும்போது எண் மட்டுமல்ல, பின்னால் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பினியனுக்கும் மோட்டாருக்கும் நடுவில் உள்ள பேரிங் ரப்பர் சீல் வைத்ததாக இருந்தால், அங்கே தகடு மூடிய இசட்.இசட். வகையைப் போடாதீர்கள். தகட்டின் இடைவெளி வழியே கிரீஸ் மோட்டாருக்குள் போய் கார்பன் தூளோடு பசையாகி கம்யூட்டேட்டரில் அப்பிக்கொள்ளும். பிறகு வரும் பச்சைத் தீப்பொறிக்கு ஆர்மேச்சர்தான் காரணம் என்று புது ஆர்மேச்சர் வாங்குகிறவர்கள் உண்டு.

எவ்வளவு, எங்கே

கியர் அறையின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. 100 மி.மீ. கிரைண்டருக்கு இது 15 கிராம் அளவில் வரும், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. எடை மெஷின் இருந்தால் நிறுத்தே போடுங்கள். முழுக்க நிரப்பினால் கியர் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைவதே சூட்டைக் கிளப்பும், சூட்டில் எண்ணெய் பிரிந்து சீலைத் தாண்டும். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்ற நல்லெண்ணம் கெடுத்த கிரைண்டர்கள் குறைவாகப் போட்டுக் கெட்டவற்றைவிடக் குறைவில்லை.

முதலில் கிரௌன் வீலின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் விரலால் அழுத்தித் தேயுங்கள், பினியனிலும் அப்படியே. மிச்சத்தை இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள், வீசப்படுவது அங்கே பட்டுத் திரும்பும். ஸ்பிண்டில் முனையில் ஊசி பேரிங் இருந்தால் அதன் உருளைகளுக்கு நடுவே கிரீஸைத் தள்ளி நிரப்ப வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடம்தான், பிறகு டிஸ்க் ஆடுகிறது என்பார்கள். ஸ்பிண்டில் லாக் பின்னுக்கு ஒரு பூச்சு.

ஹாமருக்கு வழி வேறு. பிரிக்குமுன் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், பழைய கிரீஸ் இளகும். பிளக்கைப் பிடுங்கி, உளி முனை மேலே பார்க்க நிறுத்திவைத்தால் இளகியது கிராங்க் அறைக்கு இறங்கி வரும். மூடியைத் திறந்து துடைத்தெடுத்து, சொன்ன அளவை வைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் அளவாக இறுக்குங்கள், இல்லையென்றால் உடையும். இப்படி மூடி வைத்த மாடல்களில் கார்பன் பிரஷ் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யச் சொல்கிறது கையேடு. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டால் மறக்காது.

பிளாஸ்டிக்கில் நேராக இறங்கும் ஸ்குருக்களை மறுபடி மாட்டும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று பழைய மரையில் விழுவது கையில் தெரியும், அதன்பிறகு இறுக்குங்கள். நேராக இறுக்கினால் புது மரை வெட்டி, இரண்டாவது முறையிலேயே பிடிப்பு போய்விடும்.

மூடியதும் மின்சாரம் கொடுக்காமல் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் பல்லில் குப்பையோ உடைசலோ இருக்கிறது. முழுச் சுற்றும் இறுக்கமாக இருந்தால் ஷிம் இடம் மாறியிருக்கிறது. சரியாக இருந்தால் முன்னும் பின்னும் ஆட்டும்போது மிக மெல்லிய ஒரு தட்டல் உணரலாம். பிறகு டிஸ்க் இல்லாமல், பாரம் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் வரும் கனத்த ஒலி கிரீஸ் இடம் பிடித்ததும் மெலிய வேண்டும். ஹெட் வெதுவெதுப்பாகலாம். கை வைக்க முடியாத அளவு சுட்டால் நிறுத்திக் கொஞ்சம் கிரீஸைக் குறையுங்கள். ஹாமரில் முதல் சில அடிகள் பலவீனமாக இருந்து பிறகு ஏறினால் கவலையில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் மோட்டார் ஓடி அடி மட்டும் விழவில்லை என்றால் கிரீஸ் அதிகம், அல்லது ஸ்ட்ரைக்கரின் ஓ-ரிங் மாற்றும் காலம் வந்துவிட்டது.

நின்ற பிறகு ஸ்பிண்டிலைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒற்றியெடுத்துப் பாருங்கள். மெல்லிய வளையம் பதிந்தால் மிஞ்சியது வெளியே வந்திருக்கிறது, துடைத்துவிடலாம். மறுநாளும் பதிந்தால் சீலை மாற்றுங்கள்.